நேர்மையான அழைப்பும் சிவப்பாகத் தெரிவது ஏன்?

எனக்கு நன்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் உம்ரா பயணிகளை அனுப்பும் சிறிய டிராவல்ஸ் நடத்துகிறார். ஒரு குழு புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையில், விமானம் நான்கு மணி நேரம் முன்னதாகவே கிளம்பும் என்று அவருக்குத் தகவல் வந்தது. குழுவில் 46 பேர். அலுவலகத்தில் இருந்ததோ அவரும் ஓர் உதவியாளரும்தான். ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு பட்டியலில் மேலிருந்து கீழாக அழைக்கத் தொடங்கினார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுக்காதவர்களை மறுபடியும் அழைத்தார்கள். ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு மட்டும் ஏழு முறை அடித்தும் பதில் இல்லை.

கடைசியில் விண்ணப்பப் படிவத்தில் துபாயில் இருக்கும் மகனின் வாட்ஸ்அப் எண் கிடைத்தது. மகன் அழைத்துச் சொன்ன பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. ஏழு முறையும் மருமகள் போனைப் பார்த்திருக்கிறார். திரையில் சிவப்பு எச்சரிக்கை, "ஸ்பேம்" என்ற சொல். "லோன் தர்றோம்னு தொல்லை பண்றவங்கன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன் அண்ணே" என்று பிறகு வருத்தப்பட்டிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், அவர்கள் விமானத்தைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சகோதரருக்கு அன்றுதான் இன்னொன்றும் புரிந்தது. அவருடைய எண் எப்போதிருந்து இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. நாம் அழைக்கும்போது எதிர்முனையில் என்ன தெரிகிறது என்பது நம் திரையில் வருவதில்லையே! விசாரித்தவர்களைத் திரும்ப அழைத்தால் எடுப்பதில்லை. போட்டி அதிகமாகிவிட்டது, மக்கள் வேறு இடம் போய்விட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து பிரியாணி ஆர்டர் எடுக்கும் சகோதரிகள், இரத்தத்துக்காக நள்ளிரவில் கொடையாளர்களை அழைக்கும் தன்னார்வலர்கள், பரிசோதனை முடிவைச் சொல்ல அழைக்கும் லேப்கள், மாணவர் சேர்க்கைக்காகப் பெற்றோரை அழைக்கும் பள்ளி அலுவலகம் என்று பலருக்கும் இது நடக்கிறது. இது எப்படி நடக்கிறது, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முத்திரை குத்துவது ஒருவர் அல்ல

பலரும் ஸ்பேம் என்றாலே ட்ரூகாலர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு எண்ணுக்கு இந்த முத்திரை மூன்று வெவ்வேறு இடங்களில் விழலாம். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களில் அழியாது.

முதலாவது, ட்ரூகாலர் போன்ற செயலிகள். 2009இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட ட்ரூகாலருக்கு இன்று மிகப்பெரிய சந்தை இந்தியாதான். இதன் அடிப்படை, பயன்படுத்துவோர் தரும் தகவல். ஒருவர் உங்கள் எண்ணை ஸ்பேம் என்று குறித்தால் அது கணக்கில் சேரும். பலர் குறித்தால் மற்ற எல்லோருடைய திரையிலும் சிவப்பாக வரும். குறித்தவர் ஏன் குறித்தார் என்று விசாரிக்க அங்கே யாரும் இல்லை. மளிகைக் கடைக்காரர் மூன்று மாதப் பாக்கியைக் கேட்டு அழைத்தால், பாக்கி வைத்தவர் கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம். அதுவும் ஒரு புகார்தான்!

இரண்டாவது, சிம் கார்டு தரும் நிறுவனமே குத்தும் முத்திரை. ஏர்டெல் 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஸ்பேம் அழைப்புகளைக் கண்டறியும் முறையைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 250 கோடி அழைப்புகளையும் 150 கோடி குறுஞ்செய்திகளையும் அது அலசுவதாக அந்நிறுவனம் அப்போது அறிவித்தது. இதற்கு நீங்கள் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. நீங்கள் பேசுவதை இது ஒட்டுக்கேட்பதும் இல்லை. ஓர் எண்ணிலிருந்து எத்தனை அழைப்புகள் போகின்றன, எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்பது போன்ற நடத்தையை வைத்தே சந்தேகிக்கிறது. அழைப்பைத் தடுப்பதில்லை, எச்சரிக்கை வாசகத்தை மட்டும் காட்டுகிறது. ஆனால் அந்த வாசகத்தைப் பார்த்த பிறகு எத்தனை பேர் எடுப்பார்கள்?

மூன்றாவது, போனோடு வரும் அழைப்புச் செயலி. பல ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் போன் செயலி இருக்கிறது. அது கூகுளிடம் உள்ள தகவலை வைத்துத் தானாக எச்சரிக்கும். ஐபோனில் 2019 முதல், சேமிக்கப்படாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலியே இல்லாமல் ஒதுக்கிவிடும் வசதி உண்டு. பிள்ளைகள் பெற்றோரின் பாதுகாப்புக்காக அதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் புதிய எண் எதுவாக இருந்தாலும் மணி அடிக்காது. இது ஸ்பேம் முத்திரை அல்ல என்றாலும் அழைப்பவருக்கு விளைவு ஒன்றுதான்.

நல்லவரும் கெட்டவரும் ஒரே மாதிரி தெரியும் இடம்

கணினிக்கு உங்கள் நோக்கம் தெரியாது. அதற்குத் தெரிவது உங்கள் பழக்கம் மட்டுமே. மோசடிக்காரரின் பழக்கம் என்ன? நாள் முழுக்க வெளியே அழைப்பார். உள்ளே வரும் அழைப்பு மிகக் குறைவு. அழைக்கும் எண்கள் எல்லாம் புதியவை. பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தவர்களும் பத்து விநாடியில் வைத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் விடாமல் மறுபடி அடிப்பார்.

இப்போது அந்த டிராவல்ஸ் சகோதரரின் மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து 46 பேர். "ஃபிளைட் டைம் மாறிடுச்சு, சீக்கிரம் கிளம்புங்க" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தாவுகிறார். எடுக்காதவருக்கு ஏழு முறை. வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்கு அவருக்கும் கடன் விற்கும் கால் சென்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

இரத்ததானத் தன்னார்வலர்களின் நிலை இன்னும் மோசம். அரிய வகை இரத்தம் வேண்டும் என்று இரவில் தகவல் வரும். பட்டியலை எடுத்துக்கொண்டு ஒருவரே ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது பேரை அழைப்பார். பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள். எடுத்தவர்களும் "நான் போன மாசம்தான் கொடுத்தேன் பாய்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற அழைக்கும் அழைப்புதான். ஆனால் அதன் வடிவம் அச்சு அசல் ஸ்பேம்.

வேறு காரணங்களும் உண்டு. கடைக்கென்று புதிதாக வாங்கிய சிம் உண்மையில் புதிய எண்ணாக இருக்க வேண்டியதில்லை. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரலாம் என்பது இங்குள்ள நடைமுறை. முந்தைய உரிமையாளர் இன்ஷூரன்ஸ் விற்றவராக இருந்தால் அவருடைய கெட்ட பெயரும் எண்ணோடு சேர்ந்தே வரக்கூடும். வாங்கிய அன்றே வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் அதிலிருந்து அழைத்தால் சந்தேகம் இரட்டிப்பாகும்.

இந்தச் சிவப்பையே குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று மிரட்டி ஓய்வூதியத்தையெல்லாம் பிடுங்கும் கூட்டம் நம் ஊர்களிலும் கைவரிசை காட்டுகிறது. அந்த எச்சரிக்கையால் தப்பிய குடும்பங்கள் நிறைய. வலை விரிப்பதே தவறில்லை. அதில் சிக்கும் அப்பாவி வெளியே வர வழி எளிதாக இல்லை என்பதுதான் குறை.

சட்டம் எந்த இடத்தில் நுழைகிறது?

இங்கே பலர் குழம்புகிறார்கள். செயலியில் சிவப்பாகத் தெரிவது ஒன்று. 1909 என்ற எண்ணிலோ டிராயின் டிஎன்டி செயலியிலோ உங்கள் மீது புகார் பதிவாவது முற்றிலும் வேறு. முன்னதால் வியாபாரம் குறையும். பின்னதால் இணைப்பே போகும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளை 2025 பிப்ரவரியில் திருத்திக் கடுமையாக்கியது. பதிவு செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்யக் கூடாது. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. முன்பு ஏழு நாட்களில் பத்துப் புகார்கள் வந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாட்களில் ஐந்து புகார்கள் போதும். புகார் செய்ய மூன்று நாட்களாக இருந்த அவகாசமும் ஏழு நாட்களாக நீட்டப்பட்டுள்ளது. முதல் தடவை தவறு உறுதியானால் 15 நாட்களுக்கு வெளி அழைப்புகள் முடக்கப்படும். மீண்டும் நடந்தால் எல்லா நிறுவனங்களிலும் உள்ள அவருடைய இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும்.

ஐந்து புகார்கள் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. பெருநாளுக்கு முன் "புது மாடல் சுடிதார் வந்திருக்கு, வந்து பாருங்க" என்று எங்கிருந்தோ கிடைத்த எண்களுக்கெல்லாம் அழைத்தால் ஒரே நாளில் சேர்ந்துவிடும். அது நேர்மையான கடையாக இருக்கலாம், துணியும் நல்ல துணியாக இருக்கலாம். ஆனால் கேட்காதவருக்கு விளம்பர அழைப்பு போனால் அது ஸ்பேம்தான். இதில் தவறான முத்திரை என்று புலம்ப இடமில்லை. தைக்கக் கொடுத்தவரிடம் "உங்கள் உடை தயார்" என்று சொல்வது வேறு வகை. அந்த வகையில் அழைப்பவர்கள் பில், ஆர்டர் குறிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். சிம் நிறுவனம் விளக்கம் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் அவைதான் இருக்கும். அப்படி ஒரு செய்தி வந்தால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் எண்ணைச் சோதித்துப் பாருங்கள்

வேறு வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் நான்கைந்து பேரைப் பிடியுங்கள். உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருக்கக் கூடாது என்பது முக்கியம். ஒருவரிடம் ட்ரூகாலர் இருக்கட்டும், இன்னொருவரிடம் கூகுளின் போன் செயலி மட்டும் இருக்கட்டும். ஒவ்வொருவரையும் அழைத்து, திரையில் வருவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முத்திரை எங்கே விழுந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது.

ட்ரூகாலரில் என்றால், அந்த சிம் உள்ள போனில் செயலியை நிறுவி, உங்கள் கடையின் சரியான பெயரோடு கணக்கைப் பதிவு செய்யுங்கள். தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதாக அதன் உதவிப் பகுதியில் எழுதுங்கள். உங்களை உண்மையில் அறிந்த வாடிக்கையாளர்கள் அந்த எண்ணைத் திறந்து "ஸ்பேம் அல்ல" என்று குறிப்பதும் உதவும். நிறுவனங்களுக்குக் கட்டணத்தோடு கூடிய சரிபார்க்கப்பட்ட அடையாளமும் உண்டு. தினமும் நூற்றுக்கணக்கில் அழைக்கும் மருத்துவமனைக்கு அது சரி. வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர் அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கூகுள் செயலியில் என்றால், அழைப்பைப் பெற்றவர்தான் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழுத்தி ஸ்பேம் அல்ல என்று மாற்ற வேண்டும். சிம் நிறுவனத்தின் எச்சரிக்கை என்றால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிம் ஒரு நிறுவனம், எச்சரிக்கை காட்டுவது வேறு நிறுவனம் என்றால் அலைச்சல் கூடும்.

ஆனால் முத்திரையை அழிக்கச் சொல்லிவிட்டு, அழைக்கும் பழக்கத்தை மாற்றாமல் இருந்தால் சில வாரங்களில் மீண்டும் சிவந்துவிடும். மாற்ற வேண்டியது இதுதான்: முன்பின் அறியாதவரை அழைக்கும் முன் ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். யார், எதற்காக அழைக்கப்போகிறீர்கள் என்று அதில் இருக்கட்டும். எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடிக்காதீர்கள். எடுத்தவுடன் ஸலாமோ வணக்கமோ சொன்ன கையோடு கடையின் பெயரையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்; "யார் பேசறீங்க?" என்று அவர் கேட்கும்வரை காத்திருந்தால் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். பில்லிலும் பார்சல் அட்டையிலும் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சிடுங்கள். சேமித்த எண் என்றால் பெரும்பாலும் சேமித்த பெயர்தான் திரையில் வரும். எண்களின் பட்டியலை விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

இரத்ததானக் குழுக்கள் ஒருவர் தலையிலேயே எல்லா அழைப்புகளையும் போடாமல் ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்ளலாம். கொடையாளர் பதிவு செய்யும்போதே அந்த ஐந்தாறு எண்களையும் அவருடைய போனில் சேமிக்கவைத்துவிட்டால் நள்ளிரவில் தடுமாற்றம் இருக்காது.

சிம் யார் பெயரில் இருக்கிறது?

அழைப்பவரின் பெயரை, சிம் வாங்கியபோது கொடுத்த விண்ணப்பத்தில் உள்ளபடி திரையில் காட்டும் திட்டத்தை டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை தொடங்கிவிட்டது. செயலி சொல்லும் பெயரை விட இது நம்பகமானது என்பதில் சந்தேகமில்லை.

நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் உள்ள நான்கு சிம்மும் வாப்பா பெயரில் இருக்கும். தையல் தொழில் செய்யும் சகோதரியின் எண் சவூதியில் இருக்கும் கணவரின் பெயரில் இருக்கும். சில வீடுகளில் மவ்த்தாகிவிட்டவர் பெயரிலேயே இன்றும் ரீசார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சகோதரி வாடிக்கையாளரை அழைக்கும்போது முன்பின் தெரியாத ஓர் ஆணின் பெயர் திரையில் வந்தால், எதிர்முனையில் இருக்கும் பெண் எடுக்கத் தயங்குவார். தொழிலுக்குப் பயன்படுத்தும் எண்ணைத் தொழில் செய்பவரின் பெயருக்கே இப்போதே மாற்றிவிடுவது நல்லது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

எடுப்பவர்கள் கவனத்துக்கு

அழைப்பு நமக்குப் பிடிக்கவில்லை என்பதும் அது ஸ்பேம் என்பதும் ஒன்றல்ல. கூரியர் பையன் தவறான நேரத்தில் அழைத்தார், மதரஸா அலுவலகம் கட்டணத்தை நினைவூட்டியது, முன்பு வாங்கிய கடையிலிருந்து "பொருள் எப்படி இருக்கிறது" என்று கேட்டார்கள். இவற்றில் எதற்கும் ஸ்பேம் பொத்தான் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். அதிகம் போனால் உங்கள் போனில் மட்டும் தடுத்துக்கொள்ளலாம். பல செயலிகளில் தடுக்கும்போதே ஸ்பேம் என்று புகார் செய்யவா என்றும் கேட்கும். அதைப் படிக்காமல் அழுத்திவிடுகிறோம்.

சிவப்பு வந்தால் எடுக்காமல் விடுவதில் தவறில்லை. ஆனால் அத்தோடு மறந்துவிடாமல், செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கும்போது, பயணம் முடிவாகியிருக்கும்போது, வேலைக்கு விண்ணப்பித்திருக்கும்போது இது அவசியம். சந்தேகம் இருந்தால் வந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்காதீர்கள். மருத்துவமனையின் ரசீதிலோ டிக்கெட்டிலோ உள்ள எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிவப்பு இல்லாததால் அந்த அழைப்பு நல்லது என்று ஆகிவிடாது. மோசடிக்காரர் நேற்று வாங்கிய சிம்மில் எந்தக் கறையும் இருக்காது. செயலியில் தன் பெயரை வங்கி என்றோ காவல் நிலையம் என்றோ அவரே போட்டு, சீருடைப் படமும் வைத்துக்கொள்ள முடியும். யார் அழைத்தாலும் ஓடிபி, அட்டை எண் கேட்டால் வைத்துவிடுங்கள். சந்தேகமான அழைப்புகளை சஞ்சார் சாத்தியின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

அந்த டிராவல்ஸ் சகோதரர் இப்போது பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கும்போதே அலுவலகத்தின் இரண்டு எண்களையும் அவர்கள் போனில் தன் கையாலேயே சேமித்துக் கொடுக்கிறார். வீட்டில் உள்ள இன்னொருவரின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நேர மாற்றம் என்றால் முதலில் குழுவில் குரல் பதிவு, அதைக் கேட்காதவர்களுக்கு மட்டும் அழைப்பு. பழைய எண்ணின் சிவப்பு பெரும்பாலான போன்களில் மறைந்துவிட்டது. அவருடைய மச்சானின் போனில் மட்டும் இன்னும் வருகிறதாம்.